காணிக்கைத் தட்டுல ஏழைங்களோட பங்கு: பங்குப் பேரவைக்கும் திருவிழா கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இருக்குற கத்தோலிக்க கோயில்களோட பங்குப் பேரவை உறுப்பினருங்களுக்கும், நிதிக்குழுல கணக்கு பாக்குற அண்ணன்மாருக்கும், திருவிழா கமிட்டிக்காரங்களுக்கும், அன்பியம்னு நாம சொல்ற பக்கத்து பக்கத்து வீட்டு ஜெபக் குழுக்களோட பொறுப்பாளர் அக்காமாருக்கும், எங்க ஃபாதருங்க சிஸ்டருங்களுக்கும் சேத்துதான் இந்த கடிதம். எந்த ஒரு பங்கையும், அதாவது எந்த ஒரு கோயிலையும் அதச் சேந்த ஜனத்தையும், குறி வச்சு எழுதல. சொந்தபந்தம் பல ஊர்ல இருக்குறதால பல திருவிழாவுக்கு போறேன் வர்றேன், நான் சொல்றது எல்லா ஊர்லயும் கொஞ்சம் கூட கொறச்ச நடக்குறதுதான், அதனால யாரும் நம்மளத்தான் சொல்றாளோன்னு மனசு நோக வேண்டாம், ஆனா நமக்கு இல்லன்னு ஒதுக்கியும் வைக்க வேண்டாம்.

சுத்தி வளைக்காம கேக்கறேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காணிக்கை, முழுசா, ஒரு ரூபா கூட வேற எதுக்கும் எடுக்காம, கஷ்டத்துல இருக்குறவங்களுக்குன்னு ஒதுக்குங்க. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு வசூல் பண்றோம்ல, அதுல பத்துல ஒரு பங்கும் அதே கணக்குல சேரட்டும். யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் கிறிஸ்துமஸுக்கு செய்யற தர்மமா இது இருக்கக் கூடாது, கரண்ட் பில்லு, உபதேசியார் சம்பளம் எல்லாம் எழுதற அதே பட்ஜெட் நோட்டுல முதல் வரியா இருக்கணும். நான் முக்கியமா கேக்கறது இவ்வளவுதான், ஏன் கேக்கறேன்னுதான் மீதி எல்லாம்.

காணிக்கைன்னாலே கோயில் செலவுக்குன்னு நாம பழகிட்டோம், பெயிண்ட் அடிக்கணும், மைக் செட் மாத்தணும், மாதாவுக்கு குகை மாதிரி கெபி கட்டணும், அதுக்குத்தான் தட்டு வருதுன்னு நெனப்பு. ஆனா இந்த தட்டு எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா கதையே வேற. புனித யுஸ்தினார்னு ஒருத்தர், கிட்டத்தட்ட கி.பி. 150 வாக்குல ரோமாபுரியில இருந்துகிட்டு அந்த ராஜாவுக்கே ஒரு விளக்கம் எழுதறாரு, கிறிஸ்தவங்க ஞாயித்துக்கிழமை கூடி என்னதான் பண்றாங்கன்னு ஊரெல்லாம் கண்டபடி பேசிட்டிருந்த நேரம் அது. அதுல அவரு சொல்றாரு, வாசகம் படிப்போம், பிரசங்கம் நடக்கும், எல்லாரும் எழுந்து ஜெபிப்போம், அப்பமும் ரசமும் கொண்டு வருவாங்க, வசதி இருக்குறவங்க அவங்கவங்க மனசுப்படி குடுப்பாங்க, அப்படி சேந்தத தலைவர்கிட்ட வைப்போம், அவரு அத வச்சு அனாதைங்க, விதவைங்க, சீக்குல கெடக்குறவங்க, ஜெயில்ல இருக்குறவங்க, வெளியூர்ல இருந்து வந்து தங்குனவங்க எல்லாரையும் பாத்துக்குவாருன்னு. கோபுரம், மண்டபம், ஆர்ச் எல்லாம் அன்னிக்கு ஏது. தட்டு சுத்துனதே இவங்களுக்காகத்தான். இன்னிக்கும் பூசை எப்படி நடத்தணும்னு ரோமாபுரியில இருந்து வந்திருக்குற பொது விதிமுறையில, காணிக்கை நேரத்துல ஏழைங்களுக்காகவும் கோயிலுக்காகவும் பணமோ பொருளோ கொண்டு வரலாம்னுதான் இருக்கு. ஏழைங்கள முதல்ல சொல்லிட்டு அப்புறம்தான் கோயில சொல்லுது. நாம ரெண்டாவத மட்டும் புடிச்சுக்கிட்டு முதல விட்டுட்டோம்.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதுன முதல் கடிதம் 11-ம் அதிகாரத்த எடுத்து நிதானமா படிச்சுப் பாருங்க. ஆண்டவர் நற்கருணைய, அதாவது பூசையில நாம வாங்கற அப்பத்த, எப்படி ஏற்படுத்துனாருன்னு வர்ற பகுதி அங்கதான் இருக்கு, பெரிய வியாழன் அன்னிக்கு வருஷா வருஷம் வாசிக்கறோம். ஆனா அதுக்கு நேர் மேல இருக்குற வரிங்கள அன்னிக்கு வாசிக்கறதில்ல. வசதியானவங்க முன்னாடியே வந்து சாப்ட்டு குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க, இல்லாதவங்க பசியோட நிக்கறாங்க, இப்படி இருக்கும்போது நீங்க சேந்து சாப்பிடறது ஆண்டவரோட விருந்தே இல்லன்னு கோவமா சொல்றாரு. அதுக்கப்புறம்தான் அந்த ராத்திரி ஆண்டவர் என்ன செஞ்சாருன்னு ஞாபகப்படுத்தறாரு. அப்படின்னா பக்கத்துல நிக்கிற பசிச்சவன பாக்கறதும் நற்கருணை வாங்கறதும் தனித்தனி இல்ல, ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண செஞ்சா பவுல் ஏத்துக்கல.

சரி இப்ப நம்ம ஊருக்கு வரேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி மேடை போட்டு, பேனர் கட்டி, வயசானவங்கள வெயில்ல வரிசையா உக்கார வச்சு, ஒரு சேல, அஞ்சு கிலோ அரிசி, ஒரு போட்டோ. குடுக்கறவங்க மனசு கெட்டதுன்னு நான் சொல்லல, எத்தனையோ பேரு உண்மையான அன்போடதான் செய்யறாங்க. ஆனா ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, அரிசி ஏன்? நம்ம தமிழ்நாட்டுல 2011-ல இருந்து அரிசி கார்டுக்கு ரேஷன்ல அரிசி சும்மாவே கிடைக்குது, பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு இருக்குது, 2022-ல இருந்து காலைல டிபனும் குடுக்கறாங்க. அரிசி இல்லாத கஷ்டம் நம்ம தாத்தா பாட்டி காலத்துக் கஷ்டம், களி கிண்ட கேழ்வரகு கூட இல்லாம கிழங்கு தோண்டித் தின்ன கதைய எங்க வீட்டுலயும் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு கஷ்டம் வேற மாதிரி வந்து நிக்குது, நாம இன்னும் அதே மூட்டைய தூக்கிட்டு போறோம்.

இன்னிக்கு கஷ்டம் எப்படி இருக்குதுன்னா, பாதி வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பெங்களூருல கட்டட வேலைக்கு போயி ஷெட்டுல தங்கி இருக்காங்க, இல்லன்னா திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்காங்க, ஊர்ல பாட்டியும் பேரப்புள்ளைங்களும்தான். பாட்டிக்கு முட்டி மடங்காது, ஏன்னா ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல வர்றதுக்கு முன்னாடி காலம்பூரா போர் தண்ணியில இருந்த ஃப்ளோரைடு உள்ள போயி பல்லு கறை புடிச்சு எலும்பு இறுகிப் போச்சு, பென்னாகரம் பாலக்கோடு பக்கம் போனா இப்படி எத்தன பேரு. அந்த பாட்டிக்கு மாசம் 1200 ரூபா பென்ஷன் வந்தா மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் போயிடும், வரலைன்னா அதுவும் இல்ல. பென்ஷன் ஏன் நின்னுச்சுன்னு கேக்க ஆதார எடுத்துகிட்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் கூட்டத்துக்கு போகணும், மனு எழுதணும், அதுக்கு கூட வர ஒரு ஆள் வேணும். அந்த பாட்டிக்கு நாம கொண்டு போய் குடுக்க வேண்டியது அரிசியா, ஒரு நாள் கூட வர்ற ஒரு ஆளா? பேரவையில ரிட்டயர்டு வாத்தியாருங்க இருக்காங்க, ஆபீசுல வேலை பாத்தவங்க இருக்காங்க, அவங்க நெனச்சா ஒரே மாசத்துல எத்தன பேரோட மனுவ நகத்தலாம்.

அப்புறம் ஆஸ்பத்திரி. தர்மபுரி மெடிக்கல் காலேஜுலயோ கிருஷ்ணகிரி ஜிஎச்சுலயோ சேத்தா வைத்தியம் சும்மாதான், நோயாளிக்கு சாப்பாடும் வந்துடும், ஆனா கூட இருக்குறவங்களுக்கு? அஞ்செட்டி மலையில இருந்து, சித்தேரியில இருந்து ஒரு பொம்பள புருஷன கொண்டாந்து சேத்துட்டு வராண்டாவுல துணி விரிச்சு படுத்துகிட்டு டீயும் பன்னும் வச்சு நாள தள்ளுது, வெளிய எழுதிக் குடுக்கற ஸ்கேனுக்கு காசு இல்லாம தாலிய அடகு வைக்கலாமான்னு யோசிக்குது. நாம ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு பிரியாணி வாங்க நிக்கிற கடை அங்கருந்து எவ்வளவு தூரம்? சீக்கா இருந்தேன் வந்து பாத்தீங்கன்னு ஆண்டவர் மத்தேயு 25-ல சொன்னது இந்த வராண்டாவத்தான். அந்த அதிகாரத்துல கடைசித் தீர்ப்பு நாள்ல அவரு கேக்கப் போற கேள்விங்கள எண்ணிப் பாருங்க, பசி, தாகம், துணி, அந்நியன், சீக்கு, ஜெயிலு. எத்தன நவநாள் ஜெபம் வச்ச, தேரு எத்தன அடி உசரம்னு அங்க ஒரு கேள்வியும் இல்ல.

இன்னொண்ணு கடன், இத நான் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா மகளிர் குழுவுல கணக்கு எழுதறவ நான், ஒவ்வொரு வீட்டு நோட்டும் எனக்கு தெரியும். வாரத்தவணை லோன் குடுக்குற பைனான்ஸ்காரங்க வந்து வாசல்ல உக்காந்துடறாங்க, ஒருத்தி கட்டலைன்னா குழுவே கட்டணும், அக்கம்பக்கம் பாக்க சத்தம் போடறாங்க, அந்த அவமானத்துக்கு பயந்து இன்னொரு கம்பெனியில வாங்கி இத அடைக்கறாங்க, அப்புறம் அத அடைக்க இன்னொண்ணு. பைபிள்ல இணைச்சட்டம் 24-ம் அதிகாரத்துல ஒரு சட்டம் இருக்குது, நான் படிச்சப்ப அப்படியே நின்னுட்டேன்: கடன் குடுத்தவன் அடகு வாங்கறதுக்காக கடன்காரன் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது, வெளியதான் நிக்கணும், அவனே எடுத்துட்டு வந்து குடுப்பான். அவன் ஏழையா இருந்து போர்வையத்தான் அடகு வச்சிருக்கான்னா பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும், அவன் போத்திகிட்டு படுக்கணும்ல. இல்லாதவனுக்கும் மானம் இருக்குது, அவன் வீட்டு வாசப்படி அவனுக்கு மரியாதைன்னு அத்தன ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கடவுள் சட்டம் போட்டு வச்சிருக்காரு. வட்டி வாங்காதன்னும் பைபிள்ல விடுதலைப் பயணம் புத்தகத்துலயே இருக்குது. நம்ம பங்குல ஒரு சின்ன தொகைய வட்டியில்லாம சுத்த விட்டா என்ன? ஒரு வாரத்தவணைக்கு கை மாத்தா குடுத்து, அவங்க முடிஞ்சப்ப திருப்பிப் போட, அது அடுத்தவங்களுக்கு போகும். பெரிய திட்டம் ஒண்ணும் வேணாம், ஒரு நோட்டும் நம்பிக்கையான மூணு பேரும் போதும்.

ரெண்டாவது கேள்வி அந்த போட்டோ. வலது கை செய்யறது இடது கைக்கு தெரிய வேண்டாம்னு ஆண்டவர் சொன்னத நாம சின்ன வயசு ஞாயிறு மறைக்கல்வியிலயே மனப்பாடம் பண்ணோம், ஆனா ஃபேன் றெக்கையில இருந்து பெஞ்சு முதுகு வரைக்கும் பேரு எழுதி வச்சிருக்கோம். சரி ஃபேனுக்கு எழுதுங்க, ஃபேனுக்கு வெக்கம் கிடையாது. மனுஷன்மேல எழுதாதீங்க. சேல வாங்கற அந்த அம்மாவோட பேத்தி காலேஜ்ல படிக்குது, அந்த போட்டோ வாட்ஸப் குரூப்புல சுத்தி சுத்தி அது கூட படிக்கிற பசங்க கையில போய் நிக்குது. அடுத்த வருஷம் அந்த அம்மா வரல. தேவை தீந்து போச்சுன்னு நாம நெனச்சோம், தேவை தீரல, மானத்துக்கு பயந்து வரல.

அறுவடை பத்தி மோசே சட்டத்துல என்ன இருக்குதுன்னு நம்ம விவசாயிங்களுக்கு சொன்னா உடனே புரியும். வயலோட ஓரத்த ஒட்ட அறுக்காத, கீழ சிந்துனத பொறுக்காத, திராட்சத் தோட்டத்துல ஒரு தடவ பறிச்சுட்டா மறுபடி போய் தேடாத, அது ஏழைக்கும் அந்நியனுக்கும். நம்ம பக்கமும் கடலக்கா புடுங்குன கொல்லையில மண்ணுக்குள்ள விட்டுப்போனத பொறுக்க ஏழ ஜனங்க கூடையோட வருவாங்க, நல்ல கொல்லக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மாடு ஓட்டி விடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் விட்டுக் குடுப்பாங்க. அங்க யாரும் கைய நீட்டி பிச்ச கேக்கல, குனிஞ்சு அவங்க உழைப்புல எடுத்துகிட்டு போறாங்க, எடுக்க அவங்களுக்கு உரிமை இருக்குது. ரூத்து அப்படித்தான் போவாசு வயல்ல பொறுக்குனா. அவ மோவாபு தேசத்துக்காரி, புருஷன் செத்துப்போன வெளியூர்க்காரி, மாமியாருக்கு கஞ்சி ஊத்தணும்னு வந்தவ. போவாசு ஆளுங்ககிட்ட தனியா கூப்பிட்டு, கதிர்க்கட்டுல இருந்து கொஞ்சம் வேணும்னே உருவிப் போடுங்க, அவள அதட்டாதீங்கன்னு சொன்னாரு. அந்த ரூத்தோட வம்சத்துலதான் தாவீதும் வந்தாரு, நம்ம ஆண்டவரும் வந்தாரு. ஓசூர் கம்பெனிங்கள்லயும் கிரானைட் குவாரியிலயும் செங்கல் சூளையிலயும் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார்ல இருந்து வந்து வேல பாக்குறாங்களே, அவங்கதான் நம்ம ஊரு ரூத்து. அதுல நம்ம மதத்துக்காரங்களே நெறைய பேரு, பாஷ தெரியாம கடைசி பெஞ்சுல நின்னுட்டு பூசை முடிஞ்சதும் போயிடறாங்க. அவங்க பேரக் கேட்டு ஒரு வாய் காப்பி குடுத்திருக்கோமா நாம?

யார் கையில இந்த பொறுப்ப குடுக்கறதுன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கும் பதில் ஏற்கெனவே இருக்குது, திருத்தூதர் பணிகள் 6-ம் அதிகாரம். எருசலேம் சபையில தினமும் விதவைங்களுக்கு சாப்பாடு பங்கு போட்டாங்க, அதுல கிரேக்கம் பேசற விதவைங்கள கவனிக்கலன்னு முணுமுணுப்பு வந்துச்சு. இங்கன்னா என்ன சொல்லுவோம், ஓசியில வாங்கறதுக்கு பேச்சப் பாருன்னு சொல்லுவோம். அப்போஸ்தலருங்க அப்படி சொல்லல. எல்லாரையும் கூட்டி, ஏழு பேர தேர்ந்தெடுங்கன்னாங்க, தேர்ந்தெடுத்த ஏழு பேரு பேரும் கிரேக்கப் பேரு, ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. யாருக்கு குறை இருந்துச்சோ அவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே கரண்டிய குடுத்துட்டாங்க. அதனால நம்ம குழுவுல ஊருக்குள்ள பெரிய வீட்டுக்காரங்க மட்டும் உக்காந்தா பத்தாது, காலனியில இருந்து ஆளு வேணும், புருஷன் இல்லாம புள்ளைங்கள வளக்குறவங்க வேணும், இருளர் குடியிருப்பு பக்கத்துல இருந்தா அங்கருந்தும் ஒருத்தர் வேணும். பேரு எடுக்கறப்ப எந்த தெருவ தாண்டி நம்ம கால் போகாதுன்னு நமக்கே தெரியும், கடவுளுக்கும் தெரியும்.

மதம் பாக்காம குடுக்கணும். இதுல எனக்கு சமரசமே கிடையாது. பைக்குள்ள நோட்டீஸ் வைக்க வேணாம், ஜெபத்துக்கு வந்தாத்தான்னு சொல்ல வேணாம். பத்து தொழுநோயாளிங்கள ஆண்டவர் சுகமாக்குனாரு, ஒருத்தன்தான் திரும்பி வந்தான், வராத ஒம்பது பேருக்கு அவரு நோய திருப்பிக் குடுக்கல. 4-ம் நூற்றாண்டுல ஜூலியன்னு ஒரு ரோம ராஜா இருந்தான், நம்ம மதத்த விட்டு வெளிய போனவன், நம்மள கண்டாலே ஆகாது, அவனே 362-ல ஒரு பூசாரிக்கு கடிதம் எழுதறப்ப, இந்த கலிலேயருங்க (கிறிஸ்தவங்களத்தான் அப்படி சொல்லுவான்) அவங்க ஏழைங்கள மட்டும் இல்லாம நம்ம ஏழைங்களையும் சேத்து காப்பாத்துறாங்க, நமக்கு வெக்கமா இல்லையான்னு புலம்பியிருக்கான். ஆகாதவன் வாயில இருந்து வந்த அந்த சாட்சிய விட பெரிய சாட்சி எது? இங்க பக்கத்துலயே வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்குது, நம்ம ரெண்டு மாவட்டத்துல அங்க போகாத குடும்பம் கொறைவு. அத ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா இளம் வயசுல திண்டிவனத்துல இருந்தப்ப ஒரே ராத்திரியில மூணு வீட்டுல இருந்து பிரசவத்துக்கு கூப்பிட வந்தாங்க, ஒரு முஸ்லிம் வீடு, ரெண்டு இந்து வீடு, ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு மூணு பொண்ணுங்களும் செத்துப் போனாங்க. அந்த அம்மா அதுக்காகவே போய் டாக்டருக்கு படிச்சுட்டு வந்து 1900-ல ஒரே ஒரு கட்டில வச்சு ஆரம்பிச்சாங்க. செத்தவங்க மூணு பேரும் நம்ம மதம் இல்ல. அவங்களுக்காகத்தான் அந்த ஆஸ்பத்திரியே எழும்புச்சு.

நம்மால முடியாதுன்னும் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல்ல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழ கொட்டுச்சே, ஏரி நெறஞ்சு வெள்ளம் வந்து ரோட்டோரம் நின்ன காரு வேனு எல்லாம் அடிச்சுகிட்டு போச்சே, அப்ப எங்க பக்கத்து பசங்க யாரும் சொல்லாமலே போர்வையும் பாலும் பிஸ்கட்டும் வண்டியில ஏத்திகிட்டு போனாங்க, யாரு வீடு எந்த சாமின்னு ஒருத்தனும் கேக்கல. அந்த மனசு நம்மகிட்ட இருக்குது. ஆனா வெள்ளம் வந்தாத்தான் வருது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் தனித்தனியா வர்ற வெள்ளம் டிவியில வர்றதில்ல, அத தேடிப் போயித்தான் பாக்கணும். ஏழைங்களுக்கு உதவறதுக்குன்னே ஆரம்பிச்ச வின்சென்ட் தே பவுல் சபை நம்ம பல பங்குல பேருக்கு இருக்குது, அத ஆரம்பிச்ச ஓசானாமுக்கு 1833-ல வயசு இருபதுதான், பாரீசுல காலேஜ் படிக்கிற பையன், கூட்டாளிங்க சில பேர சேத்துகிட்டு ஏழைங்க வீடு தேடிப் போறதத்தான் அவங்க முதல் வேலையா வச்சாங்க. நம்ம இளையோர் இயக்கத்துல அதே வயசு பசங்க இருக்காங்க, கிறிஸ்துமஸ் குடில் கட்ட ராத்திரி பகலா முழிக்கறாங்க, அவங்ககிட்ட இத ஒப்படைச்சா செய்ய மாட்டாங்களா என்ன?

திருவிழாவே வேணாம்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க. கொடியேத்தம், தேரு, மேளம், பொரி கடலை, பெங்களூருல இருந்து புள்ளைங்க வீடு திரும்பறது, இது எல்லாம் எனக்கும் உசுரு. பூக்காரங்க, மேளக்காரங்க, பந்தல் போடறவங்க எல்லாருக்கும் அதுலதான் பொழப்பு. ஆனா வாணவேடிக்கைய பக்கத்து ஊர விட ஒரு படி மேல செய்யணும்னும், பாட்டுக் கச்சேரிக்கு பெரிய குரூப்பு கூப்பிடணும்னும் போட்டி போடறோமே, அந்தப் போட்டிக்கு போற காசத்தான் கேக்கறேன். வரி குடுக்க முடியாதவங்க பேர மைக்குல பாக்கின்னு வாசிக்கறத நான் கேட்டிருக்கேன். விதவை வீட்டுல வரி வாங்கி வேட்டு விடற திருவிழாவ எந்த புனிதர் சந்தோஷமா ஏத்துக்குவாருன்னு நீங்களே சொல்லுங்க. குறைஞ்சது அந்த வீடுங்களுக்கு வரி கிடையாதுன்னு இந்த வருஷமே முடிவு பண்ணுங்க.

கோயில் சொத்த எடுத்து குடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, மிலான் ஆயரா இருந்த புனித அம்புரோசியார் சண்டையில புடிபட்ட கைதிங்கள மீக்கறதுக்காக திருப்பலி பாத்திரங்களயே உடைச்சு உருக்கி குடுத்தாரு. கேள்வி கேட்டாங்க, திருச்சபைகிட்ட தங்கம் இருக்குறது பூட்டி வைக்க இல்ல, செலவழிக்கத்தான்னு பதில் எழுதி வச்சிருக்காரு. அதே நூற்றாண்டுல புனித கிறிசோஸ்தோமார் பிரசங்கத்துல, கோயிலுக்குள்ள கிறிஸ்துவோட உடம்புக்கு பட்டு போத்திட்டு வெளிய குளிர்ல துணியில்லாம நிக்கிற அவர கண்டுக்காம போகாதீங்கன்னு கெஞ்சுனாரு. நான் பாத்திரத்த உருக்கச் சொல்லல. மாசத்துக்கு ஒரு தட்டு.

நம்ம ஜனமே ஏழ ஜனம், நாம எங்க குடுக்கறதுன்னு சொல்றவங்க இருக்காங்க. 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்துல மாசிதோனியா சபைங்கள பத்தி பவுல் சொல்றாரு, கொடிய வறுமையில இருந்தாங்க, ஆனாலும் சக்திக்கு மீறி குடுத்தாங்க, இந்த உதவியில எங்களுக்கும் பங்கு குடுங்கன்னு எங்ககிட்ட வருந்தி கேட்டுகிட்டாங்கன்னு. ஏழ கேட்டு வாங்கற உரிமை அது, குடுக்கற உரிமை. நான் பாத்த வரைக்கும் நம்ம பங்குலயும் உண்மையா குடுக்கறது கல்லு உடைக்கறவங்களும் புளி தட்டறவங்களும்தான், பக்கத்து வீட்டுல சாவு விழுந்தா அன்னிக்கு கூலிய அப்படியே கொண்டாந்து குடுத்துட்டு பேசாம போறவங்க அவங்கதான். தவக்காலத்துல சின்ன புள்ளைங்க உண்டியல் கொண்டாந்து குடுக்குதுங்க, அதுல ஒரு ரூபா ரெண்டு ரூபாயா கெடக்கும், முட்டாய் வாங்காம போட்ட காசு. அந்த காசு எங்க போச்சு, யாருக்கு என்ன ஆச்சுன்னு அந்த புள்ளைங்களுக்கு ஒரு தடவையாவது சொல்லணும்ல.

கணக்கு சுத்தமா இருக்கணும். இதுவும் பவுல்கிட்ட இருந்தே வருது, இவ்வளவு பெரிய தொகைய கையாளுறப்ப யாரும் எங்கள குறை சொல்லிடக் கூடாதுன்னு கூட நம்பிக்கையான ஆளுங்கள அனுப்பறேன், கடவுள் முன்னாடி மட்டும் இல்ல மனுஷங்க முன்னாடியும் சரியா இருக்கணும்னு எழுதறாரு. அப்போஸ்தலரே தனியா பணத்த தூக்கிட்டு போகல. அதனால நோட்டீஸ் போர்டுல மாசா மாசம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு, வைத்தியத்துக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவுன்னு தொகை மட்டும் ஒட்டுங்க. வாங்குனவங்க பேரு வேண்டாம், குடுத்தவங்க பேரும் வேண்டாம். ஃபாதரு ஒருத்தரே எல்லாத்தயும் சுமக்கவும் வேண்டாம், அவருக்கு அடுத்த மாத்தல் வந்தா திட்டமும் கூடவே மாத்தலாயிடும், இப்படி நின்னு போன நல்ல வேலைங்க எத்தன.

நம்ம தர்மபுரி மறைமாவட்டம் 1997-ல சேலத்துல இருந்து பிரிஞ்சு வந்துச்சு, கட்டட வேலை நெறையவே செஞ்சாச்சு. போப் பிரான்சிஸ் ஏற்படுத்துன வறியோர் உலக நாள் 2017-ல இருந்து ஒவ்வொரு நவம்பரும் வருது. பல இடத்துல மன்றாட்டுல ஒரு வரி வாசிக்கறதோட அது முடிஞ்சு போகுது. அந்த ஞாயிற முதல் ஞாயிறா வச்சு ஆரம்பிக்கலாம், இல்ல அதுவரைக்கும் எதுக்கு காத்திருக்கணும்னா அடுத்த மாசமே ஆரம்பிக்கலாம்.

அடுத்த பேரவைக் கூட்டத்துல இத கடைசியா இதர விஷயம்னு வைக்காம முதல் பொருளா எடுங்க. மாசம் ஒரு காணிக்கை, திருவிழா வசூல்ல பத்துல ஒண்ணு, விதவை வீட்டுக்கு வரி இல்ல, அன்பியத்துக்கு ரெண்டு பேரு வீடு வீடா போய் பாக்கறது, இந்த நாலுக்கும் ஆமாவா இல்லையான்னு பதில் சொல்லுங்க, இல்லன்னா ஏன் இல்லன்னும் சொல்லுங்க. எங்க அன்பியத்துல வீடு பாக்குற வேலைய நான் எடுத்துக்கறேன், கூட வர்றதுக்கு ஆளுங்க இருக்காங்க, நோட்டும் எழுதித் தரேன். கூட்டம் என்னிக்குன்னு ஞாயித்துக்கிழமை பூசை முடிவுல அறிவிச்சுடுங்க, காலனி பொம்பளைங்களும் வர்ற மாதிரி வேலை முடிஞ்ச பொறவு சாயங்காலமா வைங்க.

அன்போட,
ஒரு அன்பியத்து சகோதரி,
கிருஷ்ணகிரி மாவட்டம்